சைன் தீட்டாவை விட்டா 57% தப்பு! கோளப் பரப்பும் மின்பாயமும்

[திரையில்: 12.57, 19.74]

ஆரம் 1 மீட்டர் உள்ள கோளம். பரப்பு 12.57 சதுர மீட்டர். தொகையீட்டுல ஒரே ஒரு சைன் தீட்டாவை விட்டீங்கன்னா 19.74 வரும். மின்பாயமும் அதே 57 சதவீதம் கூடிப்போகும். அந்த சைன் எங்கேருந்து வருதுன்னு கண்ணால பார்த்துட்டா மனப்பாடமே வேண்டாம்.

மின்புலத்தையும் பரப்புக்கூறையும், அதாவது பரப்போட ஒரு குட்டித் துண்டையும், புள்ளிப் பெருக்கல் செஞ்சு கூட்டினா மின்பாயம். இது உங்களுக்குத் தெரியும், நேரா பரப்புக்கு வருவோம்.

[திரையில்: உலக உருண்டை]

வட துருவத்துலேருந்து இறங்குற கோணம் தீட்டா. அச்சைச் சுத்தி வர்றது ஃபை. உருண்டை மேல ஒரு குட்டிக் கட்டம் போடுங்க. மேல-கீழ் பக்கம் ஆர் டி-தீட்டா, எங்க போட்டாலும் மாறாது. குறுக்குப் பக்கம்தான் மாறும். ஏன்னா நீங்க சுத்துற வட்டத்தோட ஆரம், அச்சுலேருந்து உங்களுக்குள்ள தூரம்: ஆர் சைன் தீட்டா.

நிலநடுக்கோட்டுல 1 டிகிரி கிழக்கே போனா சுமார் 111 கிலோமீட்டர். நார்வேயில ஆஸ்லோவுக்குப் போங்க, அங்க தீட்டா ஏறக்குறைய 30 டிகிரி. அதே 1 டிகிரி 56 கிலோமீட்டர்தான். துருவத்துல நின்னா? பூஜ்ஜியம், நின்ன இடத்துலயே திரும்புறீங்க. ஒரு ஆரஞ்சுச் சுளையை எடுத்துப் பாருங்க: நடுவுல பருத்து, ரெண்டு நுனியிலயும் கூம்பியிருக்கும். அந்தக் கூம்பல்தான் சைன் தீட்டா!

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்: துருவத்துலேருந்து 60 டிகிரி வரைக்கும் ஒரு தொப்பி வெட்டுங்க. 90-ல 60 இறங்கியாச்சு, ஆனா அரைக்கோளத்துல சரிபாதிதான் கிடைக்கும். மிச்ச 30 டிகிரிப் பட்டையில மறுபாதி உட்கார்ந்திருக்கு.

ரெண்டு பக்கத்தையும் பெருக்கினா: ஆர் ஸ்கொயர் சைன் தீட்டா டி-தீட்டா டி-ஃபை. திசை, ஆரத்தோட வெளிப்பக்கம்.

[திரையில்: மையத்துல 1 நானோகூலும்]

கோளத்தோட மையத்துல 1 நானோகூலும் மின்துகள் வெச்சா, மொத்த மின்பாயம் சுமார் 113 வோல்ட் மீட்டர். மின்புலத்துல இருக்கற ஆர் ஸ்கொயரும் பரப்புல இருக்கற ஆர் ஸ்கொயரும் அடிபட்டுப்போகும், கோளம் எவ்வளவு பெருசுன்னே கேட்க வேண்டாம். 60 டிகிரித் தொப்பிக்குக் கால் பங்கு, 28. தொப்பியோட விளிம்புல ஒரு தட்டையான வட்டத் தட்டை வெச்சாலும் அதே 28தான், நடுவுல வேற மின்துகள் இல்லையே! தட்டோட ஆரம், மின்துகள்லேருந்து அதுக்குள்ள தூரத்தைப் போல 1.732 மடங்கு. நுழைவுத் தேர்வுல வட்டத் தட்டுக் கணக்கு வந்தா இந்த வழியில நாலே வரி.

சறுக்குற இடங்கள்: தீட்டா 0-லேருந்து பை வரைக்கும் மட்டும். 2 பை வரை ஓட்டினா சைன் ஒண்ணையொண்ணு அடிச்சு விடை பூஜ்ஜியமாயிடும். நிறைய கணிதப் புத்தகங்கள்ல தீட்டாவும் ஃபையும் இடம் மாறியிருக்கும், படத்தைப் பார்க்காம சூத்திரத்தை எடுக்காதீங்க. அட்சரேகை நிலநடுக்கோட்டுலேருந்து அளக்கறது, அதுல சைன் கிடையாது, கோசைன். கூம்புப் பரப்புக்கு இந்தக் கூறு செல்லவே செல்லாது. அங்க ஆர் சைன் தீட்டா டி-ஆர் டி-ஃபை.

இப்ப நீங்க போடுங்க: தட்டோட ஆரமும் தூரமும் சமம்னா மொத்த மின்பாயத்துல எத்தனை சதவீதம் தட்டு வழியா போகும்? 14.6 வந்தா சரி. 25 வந்தா, சைனை விட்டுட்டு மொத்தத்தையும் 2 பை ஸ்கொயர்னு எடுத்திருக்கீங்க. எது வந்துச்சுன்னு கமென்ட்ல போடுங்க.