கிரீம்: மூன்று தனி ஆவர்த்தனங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஏற்கெனவே பெயர் பெற்ற கலைஞர்கள் தத்தம் குழுக்களை விட்டு வந்து ஒன்றுகூடி அமைக்கும் ராக் இசைக்குழுவைச் 'சூப்பர்குரூப்' என்று அழைக்கிறார்கள். அவ்வகையில் முன்னோடியாகக் கருதப்படும் 'கிரீம்' குழுவின் இசையையும், அது பெற்ற பாராட்டையும் கண்டனத்தையும் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். 1966இல் லண்டனில் தொடங்கிய இக்குழு 1968 நவம்பர் 26 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றது. பாலின் மேல் திரளும் ஏட்டைக் குறிக்கும் அந்தப் பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டதில் அடக்கம் சற்றுக் குறைவுதான்.

கிட்டார் வாசித்த எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் குழுவில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைப் பக்தியோடு பயின்றவர். தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டாரை வாசித்துப் பெரும்பாலான பாடல்களையும் பாடிய ஜாக் புரூஸ், கிளாஸ்கோவில் செல்லோ கற்றவர். டிரம்ஸ் வாசித்த ஜிஞ்சர் பேக்கர் ஜாஸ் மரபில் வளர்ந்தவர். ஆப்பிரிக்கத் தாளங்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். புரூஸும் பேக்கரும் கிரஹாம் பாண்டின் குழுவில் இருந்த காலத்திலேயே கைகலப்பு வரை போனவர்கள். அது தெரியாமலேயே, புதிய குழு தொடங்கப் பேக்கர் அழைத்தபோது, புரூஸ் இருந்தால்தான் சேருவேன் என்று கிளாப்டன் நிபந்தனை விதித்தார்.

புளூஸ் பாடலின் எளிய கட்டமைப்பை எடுத்துக்கொண்டு, ஜாஸ் கலைஞர்கள் செய்வதுபோல் மேடையிலேயே அதைக் கற்பனையால் விரித்து, அதைக் காது அதிரும் ஒலி அளவில் வழங்கியதே கிரீமின் பாணி. புரூஸின் பேஸ், கிட்டாருக்குத் துணையாக அடங்கி நிற்காமல் அதற்கு எதிர்மொழி பேசியது. நியூயார்க்கில் பதிவான 'டிஸ்ரேலி கியர்ஸ்' (1967) தொகுப்பில் வரும் 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்' பாடலின் ஆதார இசைத்துணுக்கு, அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் லண்டன் நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டுவிட்டு வந்த புரூஸுக்குத் தோன்றியது. வழக்கமான ராக் பாடலில் இரண்டாவது, நான்காவது அடிகளில் விழும் அழுத்தத்தைப் பேக்கர் இதில் முதலாவது, மூன்றாவது அடிகளுக்கு மாற்றினார். பாடலின் கனத்த நடைக்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம். 'ஒயிட் ரூம்' பாடலோ ஐந்து அடித் தாளத்தில் தொடங்கிப் பிறகு நான்குக்கு இறங்குகிறது.

1967 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில், எவ்வளவு நேரம் வாசித்தாலும் கேட்கத் தயாராக இருந்த ரசிகர்கள் அவர்களுக்குக் கிடைத்தார்கள். சில நிமிடப் பாடல்கள் கால் மணி நேரம் நீண்டன. 'ஸ்பூன்ஃபுல்' பாடலின் மேடைப் பதிவு ஏறத்தாழ பதினேழு நிமிடம். 'டோட்' என்பது பேக்கரின் தனி ஆவர்த்தனத்துக்காகவே அமைந்தது. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஒருவருக்கு வரும்போது மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்; கிரீமிலோ பல இரவுகளில் மூவரும் ஒரே நேரத்தில் தனி ஆவர்த்தனம் செய்தார்கள். ஒருமுறை தான் வாசிப்பதையே நிறுத்தியும் மற்ற இருவரும் கவனிக்கவில்லை என்று கிளாப்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ரசிகர்களின் வரவேற்புக்குக் குறைவில்லை. 1968இல் வந்த 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற இரட்டை இசைத்தட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் அதே ஆண்டு 'ரோலிங் ஸ்டோன்' என்ற அமெரிக்க இசை இதழில் விமர்சகர் ஜான் லாண்டாவ் எழுதிய கட்டுரை, கிளாப்டனைத் தேய்ந்துபோன புளூஸ் உத்திகளில் தேர்ச்சி பெற்றவர் என்று இடித்துரைத்தது. உணவகம் ஒன்றில் அதைப் படித்துத் தாம் மயங்கி விழுந்ததாகக் கிளாப்டன் கூறியதுண்டு. பாடலை முன்னிறுத்தித் தம்மைப் பின்னிறுத்திக்கொண்ட 'தி பேண்ட்' குழுவின் முதல் இசைத்தட்டும் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. குழுவைக் கலைக்கும் முடிவில் இவ்விரண்டுக்கும் பங்குண்டு.

லாண்டாவ் சொன்னது பாதி உண்மை என்றே நான் கருதுகிறேன். நீண்ட பதிவுகள் பலவற்றை இன்று கேட்கும்போது விரல்கள் ஓடுகின்றன, இசை நகரவில்லை. ஆனால் 1968 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் பதிவான 'கிராஸ்ரோட்ஸ்' அந்தக் கண்டனத்துக்குள் அடங்காது. ராபர்ட் ஜான்சன் 1936இல் தனியொருவராகப் பாடிப் பதிவுசெய்த புளூஸ் பாடல் அது. கிரீமின் வாசிப்பு நான்கே நிமிடத்துக்குச் சற்று மேல். பேஸும் டிரம்ஸும் விடாமல் துரத்த, கிளாப்டனின் இரண்டு தனிவாசிப்புகளில் இரண்டாவது முதலாவதைவிட உயரே ஏறுகிறது. போட்டி அங்கே இசையாகவே மாறிவிட்டது.

2005 மே மாதம் அதே ஆல்பர்ட் ஹாலில் மூவரும் நான்கு இரவுகள் மீண்டும் வாசித்தார்கள். அடுக்கி வைத்த மார்ஷல் ஒலிபெருக்கிகள் கிளாப்டனின் பின்னால் இல்லை. ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்டது. அக்டோபரில் நியூயார்க் சென்றபோது மேடையிலேயே பழைய சண்டை திரும்பிவிட்டதென்று பேக்கர் பின்னர் குறைபட்டுக்கொண்டார். காரணம், புரூஸின் பேஸ் எழுப்பிய சத்தம்.