புகை கரைக்கும் மருந்து

வணக்கம் நேயர்களே. மருந்தகத்தில் வேலை பார்ப்பவள் என்ற முறையில், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களோடு இன்று கஞ்சாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

"மருந்தை நேரத்துக்குக் கொடுத்துடுறேன்மா. ஆனா கேட்கவே மாட்டேங்குது." மனச்சிதைவு நோயுள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் கவுன்டரில் இப்படிச் சொல்லிக் கலங்குவதுண்டு. ஓர் அம்மா, இரவு மாத்திரைப் பையின் மேல் பேனாவால் பிறை நிலா வரைந்து வைத்திருந்தார். மகன் விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாராம். அவர் சொன்னது உண்மைதான், மகனும் ஏமாற்றவில்லை. ஆனால் சாயங்காலம் செம்பனைக்குள் போய், புகையிலையோடு கஞ்சாவைச் சுருட்டிப் புகைத்துவிட்டு வருகிறான்.

அந்தப் புகை நேராக ஈரலில் வேலை காட்டுகிறது. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசாபின், ஓலான்சாபின் என்ற இரண்டு மருந்துகளையும் உடைத்து வெளியேற்றும் என்சைம் ஒன்று ஈரலில் இருக்கிறது. புகைக்கப் புகைக்க அது பெருகும். அப்புறம் முழு மாத்திரை விழுங்கினாலும் ரத்தத்தில் தங்குவது குறைவுதான். நோயால் காதில் கேட்ட பழைய குரல்கள் திரும்பிவிடும். வீட்டில் உள்ளவர்கள் சாமி பார்க்கக் கிளம்புவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. பிள்ளை திடீரென்று புகையை விட்டால், சில நாள்களிலேயே அதே அளவு மருந்து ரத்தத்தில் ஏறிவிடும். ஓயாத தூக்கம், தலைசுற்றல், வாயில் எச்சில் வழிதல், சிலருக்கு வலிப்புகூட வரும். நல்ல காரியம் செய்தவன் படுத்துக் கிடப்பதைப் பார்த்து, மருந்தையே நிறுத்திவிடாதீர்கள். உடனே கிளினிக்கில் சொல்லுங்கள், அளவைக் குறைத்துத் தருவார்கள்.

சரி, மூளையில் என்ன நடக்கிறது? நம் மூளையே ஆனந்தமைடு என்றொரு பொருளைச் சுரக்கிறது. 1992இல் கண்டறிந்தார்கள். மருந்து தொடங்காத நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரைச் சோதித்தபோது அது கூடுதலாக இருந்தது. கூடுதலாக இருந்தவர்களுக்கு நோயின் தொல்லை குறைவு. நோயை எதிர்த்து மூளை தானே சுரக்கும் துணை அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நோயாளிகளிலேயே அடிக்கடி கஞ்சா புகைத்தவர்களிடம் அந்த அளவு குறைந்திருந்தது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி, மூளையில் ஆனந்தமைடு போய்ச் சேரும் அதே ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. "அடிச்சா மனசு லேசாகுது" என்று பிள்ளைகள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த லேசு கொஞ்ச நேரம்தான். சந்தேகமும் குரல்களும் கூடத்தான் செய்யும்.

1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டத்துக்குப் பயந்து குடும்பங்கள் வாயைத் திறப்பதில்லை. தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாங்கள் கேட்பது மருந்தின் அளவைச் சரியாக முடிவு செய்யத்தான். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது மூன்றை மட்டும் சொல்லுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் புகைக்கிறான், சிகரெட்டும் உண்டா, எப்போது விடப்போகிறான். விடுவதற்கு முன்பே சொன்னால் இன்னும் நல்லது.