பயாப்ஸிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே

[திரையில்: 1974, அமெரிக்கா. ஒரு ஒப்புதல் படிவம்.]

அப்போதெல்லாம் மார்பில் கட்டி என்று வரும் பெண்ணிடம் ஒரே கையெழுத்துதான் வாங்குவார்கள். மயக்க மருந்து கொடுத்து, கட்டியில் கொஞ்சம் வெட்டியெடுத்து, அங்கேயே சோதிப்பார்கள். இந்தச் சோதனைதான் பயாப்ஸி. புற்றுநோய் என்றால் அதே மேசையில் மார்பகம், அடியில் இருக்கும் தசை, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் எல்லாம் போய்விடும். கண் விழித்த பிறகுதான் தனக்கு என்ன நோய் என்றே அவளுக்குத் தெரியும்.

ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் பயாப்ஸி மட்டும் செய்யுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்று நின்றார். புற்றுநோய் உறுதியானதும், தசையை விட்டுவைத்து அறுவை செய்யும் மருத்துவரைத் தேடி அலைந்து, கடைசியில் பஃபலோ நகரில் கண்டுபிடித்தார். மார்பகத்தை எடுக்கச் சம்மதித்தவர்தான். எதை எடுப்பது, எதை விடுவது என்று தன்னையும் கேட்க வேண்டும் என்றார், அவ்வளவுதான்.

அதே ஆண்டு செப்டம்பரில் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு அறுவை என்று செய்தி வந்தது. பயாப்ஸியையும் மார்பகத்தை எடுப்பதையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம் என்று சொல்ல, குஷ்னர் வெள்ளை மாளிகைக்கே போன் போட்டார். அதிபர் முடிவெடுத்துவிட்டார் என்று பதில் வந்தது. "டாக்டர், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று அறைக்கு வெளியே நின்று பேசும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இதைத்தான் செய்கிறார்கள். பாசம்தான், ஆனால் அந்த அம்மாவின் உடம்பு அது.

[திரையில்: 1979]

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் குஷ்னரும் உட்கார்ந்தார். பயாப்ஸியும் அறுவையும் தனித்தனியாக நடக்கட்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பிறகு பெர்னார்டு ஃபிஷர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் குழு செய்த ஆய்வு. 4 செ.மீ. வரையிலான கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்ற பெண்களும், மார்பகம் முழுவதையும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் பிழைத்திருந்தார்கள். 2002-இல் வந்த 20 ஆண்டு முடிவும் அதையே சொன்னது.

[திரையில்: மருத்துவர் அறை]

அதனால் கேளுங்கள். மார்பகத்தை விட்டுவைக்க முடியுமா? கட்டி பெரிதென்றால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கலாமா? முடிவெடுக்க எனக்கு எத்தனை நாள் இருக்கிறது? கதிர்வீச்சுக்கு வாரக்கணக்கில் வரவேண்டுமே, எங்கே தங்குவது? இந்தக் கடைசிக் கேள்விக்காகவே முழுதாக எடுத்துவிடச் சொல்லும் பெண்களும் உண்டு. விவரம் தெரிந்து சொன்னால் அதுவும் நல்ல முடிவுதான். இன்னொரு மருத்துவரிடம் காட்ட நினைத்தால், பயாப்ஸி ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் (திசுவின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடு) பிளாக்கையும் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.