299ஆம் எண் பூஞ்சை

நேயர்களுக்கு வணக்கம். வைட்டமின் பி6 கொடுத்தால்தான் வளருவேன் என்று அடம்பிடித்த ஒரு பூஞ்சையைப் பற்றியும், அதைத் தேடிப் பிடித்த ஜார்ஜ் பீடிலைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன்.

பீடில் 1903இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வாஹூ என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவோடு நிலத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியை விடாமல் வற்புறுத்தியதால்தான் கல்லூரிக்குப் போனார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மக்காச்சோள மரபியலில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கலிஃபோர்னியாவில் உள்ள கால்டெக் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பழ ஈக்களோடு வேலை.

1935இல் பாரிஸ் போய், போரிஸ் எஃப்ருஸி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு நுட்பமான வேலை செய்தார். பின்னால் கண்ணாக வளரப்போகும் துளியூண்டு திசுவை ஓர் ஈயின் புழுவிலிருந்து எடுத்து, இன்னொரு புழுவின் உடலுக்குள் வைத்தார்கள். கண் நிறத்தில் குறையுள்ள ஈயின் திசு, குறையில்லாத புழுவுக்குள் வளர்ந்தபோது சரியான நிறத்தைப் பெற்றது. அந்த உடலிலிருந்து ஏதோ ஒரு பொருள் அதற்குக் கிடைத்திருக்கிறது! அது என்ன பொருள் என்று தேடத்தான் எட்வர்ட் டாட்டம் என்ற இளம் உயிர்வேதியியலாளர் 1937இல், பீடில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். கடைசியில் ஜெர்மனியில் இருந்த ஒரு குழு முந்திக்கொண்டது.

அந்த ஏமாற்றத்தில் கிடைத்ததுதான் பெரிய யோசனை. டாட்டம் மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க, பீடிலும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருக்குப் பொறி தட்டியது. மரபணுவை முதலில் வைத்துக்கொண்டு வேதியியலை ஏன் துரத்த வேண்டும்? வைட்டமின்களும் அமினோ அமிலங்களும் தெரிந்த பொருள்கள்தானே. அவற்றைத் தயாரிக்க முடியாமல் போன உயிரைத் தேடினால் என்ன? கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டதைத்தான் பீடிலின் மிகப் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

அதற்கு ஏற்றதாக அகப்பட்டது நியூரோஸ்போரா. ரொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் படரும் பூஞ்சை. சர்க்கரை, சில உப்புகள், பயோட்டின் என்ற ஒரே ஒரு வைட்டமின், இவ்வளவு போதும். மற்ற எல்லாவற்றையும் தானே சமைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, அதன் வளர்நிலையில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே பிரதிதான். குறை வந்தால் மூடி மறைக்க இன்னொரு பிரதி கிடையாது.

பூஞ்சையின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். கலப்பு செய்து கிடைத்த வித்துகளை நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, சத்துகள் எல்லாம் நிறைந்த ஊடகத்தில் தனித்தனிக் குழாய்களில் வளர்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வெறும் சர்க்கரையும் உப்பும் பயோட்டினும் உள்ள குழாய்க்கு மாற்றினார்கள். வளர்ந்ததா, அடுத்தது. வளர்ந்ததா, அடுத்தது. ஆய்வகத்தில் இப்படி நாள் முழுக்க உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்தச் சலிப்பு புரியும். 299ஆவது வித்தில் வந்தது வளரவில்லை. வைட்டமின் பி6 சேர்த்தார்கள், தழைத்து வளர்ந்தது. அதைச் சாதாரணப் பூஞ்சையோடு கலந்தபோது, பூஞ்சையின் ஒரு வித்துப் பையில் வரிசையாக இருக்கும் எட்டு வித்துகளில் நான்குக்கு அந்தக் குறை, நான்குக்கு இல்லை. ஒரே ஒரு மரபணுவின் பழுது!

1941இல் கட்டுரை வெளிவந்தது. ஒவ்வொரு மரபணுவும் ஒரு நொதியை, அதாவது உயிருக்குள் ஒரு வேதிவினையை நடத்தும் புரதத்தை, உருவாக்க வழிசெய்கிறது; ‘ஒரு மரபணு, ஒரு நொதி’ என்ற இந்தக் கருத்து இதிலிருந்து பிறந்தது. பின்னால் அதில் திருத்தங்கள் வந்தன. ஆனாலும் மூலக்கூறு உயிரியல் எழுந்து நின்றது இந்த அடித்தளத்தின் மேல்தான். இந்தக் கருத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆர்ச்சிபால்ட் காரட் என்ற ஆங்கில மருத்துவர் தொட்டுவிட்டார் என்று, 1958இல் டாட்டத்தோடு நோபல் பரிசு பெற்றபோது பீடிலே மனதாரச் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சிகாகோ பல்கலைக்கழகத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றதும் அவர் மக்காச்சோளத்துக்கே திரும்பினார். தியோசின்டே என்ற காட்டுப் புல்தான் மக்காச்சோளத்தின் மூதாதை என்பது அவருடைய பழைய வாதம். இரண்டையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் சுமார் 50,000 செடிகளை வளர்த்து எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய 500இல் ஒன்று காட்டுப் புல்லைப் போலவே இருந்தது, இன்னொன்று மக்காச்சோளத்தைப் போலவே இருந்தது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே நிற்கும் முக்கிய மரபணுக்கள் நான்கோ ஐந்தோதான் என்று கணக்குப் போட்டார். அவற்றில் ஒன்றை, செடி எத்தனை கிளை விட வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணுவை, ஜான் டோப்லியின் குழு 1997இல் தனியே பிரித்தெடுத்தது. பீடில் மறைந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.