பிள்ளைகளின் வயதிலிருந்து தொடங்குங்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால், மில்டன் கீன்ஸ், லெஸ்டர், கவென்ட்ரி பக்கம் இருக்கும் நம்மவர்களின் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "ஒரு நாள் பிள்ளைகளை லண்டனுக்குக் கூட்டிப்போய் வரலாமா?" காலையில் ஹைகேட் முருகன் கோயில், அப்புறம் சவுத் கென்சிங்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். கோயிலிலும் நுழைவுச்சீட்டு கிடையாது, அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்களிலும் கிடையாது. காசு போவது முக்கியமாகப் பயணத்துக்குத்தான். அந்தச் செலவைப் பற்றிப் பேசத்தான் இன்று என்னை அழைத்திருக்கிறார்கள்.

ரயில் கட்டணத்தைப் பார்த்துவிட்டு "வேண்டாம், காரிலேயே போவோம்" என்று முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் பார்த்தது தனித்தனி ஆட்களுக்கான கட்டணம். குடும்பமாகப் போனால் கணக்கே வேறு. அந்தக் கணக்கு உங்கள் பிள்ளைகளின் வயதில் தொடங்குகிறது. ஐந்து, பதினொன்று, பதினாறு. இந்த மூன்று வயதுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே ரயிலில் இலவசம். ஐந்திலிருந்து பதினைந்து வரை பாதிக் கட்டணம். பதினாறு ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம்தான், அந்த வயதுக்காரர்களுக்குத் தனிச் சலுகை அட்டை இருக்கிறது.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு என்று ஓர் அட்டை உண்டு. 2025 மார்ச்சிலிருந்து அதன் விலை வருடத்துக்கு 35 பவுண்டு. பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும், பிள்ளைகளுக்கு அந்தப் பாதிக் கட்டணத்திலும் 60 சதவீதம் குறையும். ஓர் எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவருக்குப் போய்வர 30 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் மொத்தம் 90. அட்டை இருந்தால் பெரியவருக்கு இருபது இருபது, பிள்ளைக்கு ஆறு ஆறு, மொத்தம் 52. மிச்சம் 38 பவுண்டு. அட்டைக்குக் கொடுத்த காசு முதல் பயணத்திலேயே திரும்பிவிட்டது. மீதி வருடம் முழுக்க லாபம்தான்.

இந்த அட்டை நம் குடும்பங்களுக்கென்றே செய்தது போல எனக்குத் தோன்றும். ஒரே அட்டையில் நான்கு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள் வரை போகலாம். பாட்டி வரலாம், சித்தப்பா வரலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வரலாம். உறவுமுறை யாரும் கேட்பதில்லை. அட்டையில் இரண்டு பேர் பெயரைப் போடலாம், அவர்களில் ஒருவர் கூட வரவேண்டும். குறைந்தது ஒரு பிள்ளையாவது முழுப் பயணமும் கூட இருக்கவேண்டும். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை மட்டும்தான் என்றாலும் வழி உண்டு. இலவசமாகப் போகக்கூடிய அந்தக் குழந்தைக்கும் சலுகை விலையில் ஒரு டிக்கெட் எடுத்துவிட்டால் பெரியவர்களுக்குத் தள்ளுபடி கிடைக்கும். குழந்தைக்கு இருக்கையும் கிடைக்கும். லண்டன், தென்கிழக்கு வட்டாரத்துக்குள்ளேயே போய்வருபவர்களுக்கு மட்டும் வார நாட்களில் காலை நெரிசல் நேரத்தில் இந்த அட்டை செல்லாது. அட்டை போனில் இருந்தால் போனில் சார்ஜ் இருக்கட்டும், பரிசோதகர் கேட்கும்போது காட்டியாகவேண்டும்.

டிக்கெட் வாங்கும்போது எந்த ரயில் என்பதையும் கவனியுங்கள். மில்டன் கீன்ஸிலிருந்து லண்டனின் யூஸ்டன் ஸ்டேஷனுக்கு இரண்டு நிறுவனங்களின் ரயில்கள் ஓடுகின்றன. லண்டன் நார்த்வெஸ்டர்ன் ரயிலுக்கு மட்டும் செல்லும் டிக்கெட், எந்த ரயிலிலும் ஏறலாம் என்கிற டிக்கெட்டைவிட மலிவு. ஆனால் அதை வைத்துக்கொண்டு மற்ற நிறுவனத்தின் ரயிலில் ஏறக்கூடாது. தூரத்து ஊர்க்காரர்கள் பல வாரங்களுக்கு முன்பே அட்வான்ஸ் டிக்கெட் பாருங்கள். பயணத்தை இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து வாங்குவதும் விதிப்படி சரிதான், பிரிக்கும் ஸ்டேஷனில் ரயில் நின்றால் போதும், நீங்கள் இறங்க வேண்டியதில்லை. ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளங்களில் வாங்கினால் பதிவுக் கட்டணமும் இல்லை.

யூஸ்டனில் இறங்கியாயிற்று. இங்கேதான் நம்மவர்கள் காசை விடுகிறார்கள் என்பது என் கவலை. டியூப் என்கிற சுரங்க ரயிலின் வாசலில் நின்று பார்த்தால் தெரியும். ஒன்பது வயது மகள் கையில் அம்மாவின் வங்கி அட்டை, பன்னிரண்டு வயது மகன் கையில் அப்பாவின் இன்னோர் அட்டை. இருவரும் தட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். அந்த அட்டையைப் பிடித்திருப்பது பிள்ளை என்று இயந்திரத்துக்குத் தெரியாது. இருவருக்கும் பெரியவர் கட்டணம்.

அந்த மகளுக்கு ஒரு காசும் தரவேண்டியதில்லை. பதினொரு வயதுக்குக் கீழே டியூப், டிஎல்ஆர், ஓவர்கிரவுண்ட் ஆகிய லண்டன் நகர ரயில்கள் எல்லாம் இலவசம், ஒரு பெரியவரோடு நான்கு பிள்ளைகள் வரை போகலாம். அகலமான கதவுப் பக்கம் போய், நீங்கள் தட்டியதும் பிள்ளையைக் கையோடு கூட்டிப்போங்கள். சந்தேகம் இருந்தால் அங்கே நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள். மகனுக்கு, காசு ஏற்றித் தட்டுகிற ஒரு சாதாரண ஆய்ஸ்டர் அட்டை வாங்கி, டியூப் ஸ்டேஷன் ஊழியரிடம் "யங் விசிட்டர் சலுகை போட்டுத் தாருங்கள்" என்று கேளுங்கள். பதினொன்றிலிருந்து பதினைந்து வயது வரை இது கிடைக்கும். பையன் உங்கள் பக்கத்தில் நிற்கவேண்டும். பதினான்கு நாள் வரை பாதிக் கட்டணம். அட்டைக்குத் தனிக் காசு உண்டு, அதனால் ஒரே ஒரு முறை டியூபில் ஏறுவதற்காக வாங்காதீர்கள்.

பெரியவர்கள் வங்கி அட்டையையே தட்டலாம், ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் ஓர் உச்ச வரம்புக்கு மேல் எடுக்கமாட்டார்கள். லண்டனைக் கட்டணத்துக்காக மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 2025 கட்டணப்படி, நகரின் நடுவில் உள்ள முதல் இரண்டு மண்டலங்களுக்குள் அந்த வரம்பு 8 பவுண்டு 90 பென்ஸாக இருந்தது. ஹைகேட் அந்த மண்டலங்களைத் தாண்டி இருப்பதால் கோயிலுக்குப் போகும் நாளில் இன்னும் கொஞ்சம் கூடும். காலையில் அட்டையைத் தட்டிவிட்டு மாலையில் அதே அட்டையைப் போனிலிருந்து தட்டாதீர்கள். இயந்திரத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு அட்டைகள், வரம்பும் தனித்தனி.

இன்னொன்று. கேட்விக், லூட்டன் ஏர்போர்ட் பார்க்வே போன்ற, லண்டனுக்கு வெளியே உள்ள சில ஸ்டேஷன்களிலும் இப்போது வங்கி அட்டையைத் தட்டிப் போகலாம். வசதிதான். ஆனால் அப்படித் தட்டினால் நான் சொன்ன குடும்பத் தள்ளுபடி கிடைக்காது. அந்தக் குடும்ப ரயில்கார்டை ஆய்ஸ்டரில் ஏற்றவும் முடியாது. குடும்பமாக வரும்போது லண்டன் வரைக்குமான டிக்கெட்டைத் தனியாக வாங்குங்கள், தட்டுவதை லண்டனுக்குள்ளே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் பயணத்தையும் சேர்த்துத் தரும் டிராவல்கார்டு பல ஊர்களிலிருந்து கிடைக்கிறது, அதிலும் குடும்ப ரயில்கார்டு தள்ளுபடி உண்டு. பதினொரு வயது தாண்டிய பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது மலிவாக வரலாம், விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரும்பி வரும் ரயில் தாமதமானால் டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள். பல நிறுவனங்கள் கால் மணி நேரத் தாமதத்துக்கே ஒரு பங்கு காசைத் திருப்பித் தருகின்றன. 28 நாட்களுக்குள் கேட்கவேண்டும், பிள்ளைகளின் டிக்கெட்டுக்கும் சேர்த்தே கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.