எட்டில் ஒன்று

நேயர்களுக்கு வணக்கம். இரும்பைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் அதன் காந்தத்தன்மை போய்விடும். அந்த எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் என்ன நடக்கிறது? அதுவும் காந்தம் ஒரே ஓர் அடுக்காகத் தட்டையாக இருந்தால்? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இயற்பியலாளர் வில்ஹெல்ம் லென்ஸ் 1920இல் காந்தத்துக்காக முன்வைத்த மாதிரி மிக எளிது. ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு அம்பு. மேலே பார்க்கலாம், கீழே பார்க்கலாம், வேறு வழி கிடையாது. பக்கத்து அம்புகள் ஒரே பக்கம் பார்க்க விரும்பும். வெப்பம் அதைக் கலைக்கும். லென்ஸின் மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங் அம்புகளை ஒற்றை வரிசையில் நிறுத்திக் கணக்கிட்டார். எவ்வளவு குளிர்ந்தாலும், வெப்பம் துளியேனும் இருக்கும்வரை காந்தம் உருவாகவில்லை. ஓரிடத்தில் ஒழுங்கு முறிந்தால் போதும், வரிசையே இரண்டாகிவிடும். அம்புகளைத் தட்டையான தளத்தில் பரப்பினால் அப்படி இல்லை. ஒரு பகுதி முழுவதும் திரும்ப வேண்டுமானால் அதன் எல்லைக்கோடு நெடுக ஆற்றல் செலவாகும். பகுதி பெரிதாகப் பெரிதாகச் செலவும் கூடும். அதனால் தளத்தில் காந்தம் நிலைக்கும் என்று 1936இல் பயர்ல்ஸ் காட்டினார்.

1944இல் லார்ஸ் ஆன்சாகர் தள மாதிரியைத் துல்லியமாகவே தீர்த்துவிட்டார். 1948இல் கார்னெல் பல்கலைக்கழகக் கரும்பலகையில் காந்தமாக்கத்தின், அதாவது அம்புகள் எந்த அளவுக்கு ஒரே பக்கம் பார்க்கின்றன என்பதன், சூத்திரத்தையும் எழுதினார், நிரூபணம் இல்லாமல்! வழிமுறை காட்டாமல் விடை மட்டும் எழுதினால் நம் ஊர்ப் பரீட்சையில் மார்க் கிடைக்குமா? நிரூபணத்தை வெளியிட சி. என். யாங் வர வேண்டியிருந்தது, 1952இல்.

அந்தச் சூத்திரத்தில்தான் எட்டில் ஒன்று வருகிறது. எல்லைக்கு அருகே, காந்தமாக்கம் மிச்சமுள்ள வெப்பநிலை இடைவெளியின் எட்டாம் மூலத்தைப் போல, அதாவது எட்டில் ஒன்று என்ற அடுக்கின்படி, குறையும். எண்ணில் சொன்னால்தான் இதன் வேடிக்கை புரியும். கெல்வின் அளவில் எல்லையின் 99 சதவீதம் வரை சூடாக்கிய பிறகும் தளக் காந்தத்தில் ஏறத்தாழ 69 சதவீதம் மிச்சம் இருக்கும். ஒவ்வோர் அம்பும் மற்றவற்றின் சராசரியை மட்டுமே உணர்கிறது என்று கொள்ளும் பழைய சராசரிப்புலக் கோட்பாட்டைக் கேட்டால் 17 சதவீதம்தான் என்று சொல்லும். கடைசி ஒரு சதவீதத்தில்தான் மிச்சம் அத்தனையும் சரிகிறது.

இது வெறும் காகிதக் கணக்கா? இல்லை. அடுக்கடுக்கான ருபீடியம் கோபால்ட் ஃபுளோரைடு படிகத்தில் அளந்தபோது அந்த அடுக்கு எண் எட்டில் ஒன்றுக்கு மிக அருகில் வந்தது. 2017இல் குரோமியம் ட்ரைஅயோடைடிலிருந்து ஒரே அடுக்கை உரித்தெடுத்துப் பார்த்தார்கள். 45 கெல்வின் வரை காந்தமாகவே இருந்தது. முழுப் படிகத்துக்கு அந்த எல்லை 61 கெல்வின். அம்புகள் எல்லாத் திசைகளிலும் தடையின்றிச் சுழல முடிந்திருந்தால் அந்த 45 கூடக் கிடைத்திருக்காது. மெர்மின், வாக்னர் இருவரும் 1966இலேயே அதை நிறுவிவிட்டார்கள். இந்தப் பொருளின் அம்புகளோ தளத்துக்குச் செங்குத்தாக நிற்பதையே விரும்புகின்றன. ஒற்றை அடுக்கு தாக்குப்பிடிப்பது அதனால்தான்.