ஒரு விடியலும் 56 ஆண்டுகளும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"விடுதலைப் போரில் பெரிய தியாகம் உயிரைக் கொடுப்பதா, வாழ்நாளைக் கொடுப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உயிரைக் கொடுப்பதே என்று பேசிய எதிரணித் தலைவர், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியைச் சொன்னார். அயர்லாந்துக் குடியரசுப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; முதல் கையெழுத்து, 15 ஆண்டுகள் ஆங்கிலேயச் சிறையில் கிடந்த டாம் கிளார்க்குடையது என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் அதே வீட்டில் இன்னொருவரும் இருந்தாரே! அவரை ஏன் விட்டுவிட்டீர்கள்? நான் சொல்கிறேன். அவர் டாமின் மனைவி, கேத்லீன் கிளார்க்.

1916 மே 2. கைதியாக இருந்த கேத்லீனை இரவில் கில்மைன்ஹாம் சிறைக்கு அழைத்துப் போகிறார்கள். விடிந்தால் கணவரைச் சுடப் போகிறார்கள், பார்த்துவிட்டு வரலாம். வயிற்றில் நான்காவது குழந்தை. டாமுக்குத் தெரியாது. சொல்லலாமா? சொன்னால் சாகப் போகிறவருக்கு இன்னொரு பாரம். சொல்லாமலே திரும்பி வந்தார். அடுத்த இரவு அதே சிறைக்கு மறுபடியும் போனார், இந்த முறை எழுச்சியில் போரிட்ட தம்பி நெட் டாலியைப் பார்க்க. ஒன்பது பெண்கள் பிறந்த வீட்டில் ஒரே ஆண்பிள்ளை, வயது 25. மே 4 அன்று அவரையும் சுட்டார்கள். பிறகு அந்தக் குழந்தையும் தங்கவில்லை.

இதை அழுவதற்காகச் சொல்லவில்லை நடுவர் அவர்களே. எழுச்சிக்கு முன்பே தலைவர்கள் கேத்லீனிடம் சொல்லிவிட்டார்கள்: நீங்கள் சண்டைக்கு வரக் கூடாது. நாங்கள் எல்லோரும் போய்விட்டால் இயக்கத்தை எடுத்து நடத்த, விவரம் தெரிந்த ஓர் ஆள் உயிரோடு வேண்டும். சாகத் துணிந்தவர்களே வேலையைப் பிரித்திருக்கிறார்கள். தங்களுக்குச் சாவு, கேத்லீனுக்கு வாழ்வு. இரண்டில் எது லேசான வேலை என்று எதிரணி நினைக்கிறது?

மூன்று சிறு பையன்களை வைத்துக்கொண்டு, கணவர் ஒப்படைத்துப்போன இயக்கப் பணம் 3,000 பவுண்டைக் கொண்டு, கொல்லப்பட்டவர்கள், சிறைப்பட்டவர்கள் குடும்பங்களுக்கு நிவாரண நிதி தொடங்கினார். அந்த நிதிக்குச் செயலாளராக 1917-இல் ஓர் இளைஞரை வேலைக்கு எடுத்தார். பின்னால் அயர்லாந்து விடுதலைப் போரை முன்நின்று நடத்திய மைக்கேல் காலின்ஸ்! தான் காத்து வைத்திருந்த தொடர்புகளையும் அவர் கையில் கொடுத்தார். அப்புறம் 1918-இல் லண்டன் ஹாலோவே சிறை. 1921-இல் நாடாளுமன்ற உறுப்பினர். அயர்லாந்தை ஆங்கிலேய மன்னரின் கீழேயே வைத்த ஒப்பந்தத்தில் காலின்ஸ் கையெழுத்திட்டு வந்தார்; அதை எதிர்த்து கேத்லீன் வாக்களித்தார். தான் வளர்த்த பிள்ளை கொண்டுவந்த காகிதம் என்று அவர் தாட்சண்யம் பார்க்கவில்லை. அதேபோல 1937 அரசியல் சட்டத்தில் பெண்களின் இடம் வீடு என்ற பொருளில் எழுதியிருந்ததையும் வெளிப்படையாக எதிர்த்தார். கொண்டுவந்தது அவருடைய சொந்தக் கட்சி.

1939-இல், 61 வயதில், டப்ளின் மாநகரின் முதல் பெண் மேயர் ஆனார். மேயர் கழுத்தில் அணியும் பெரிய பொன் சங்கிலி ஆங்கிலேய மன்னர் மூன்றாம் வில்லியம் கொடுத்தது. இதை நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மேயர் மாளிகையில் இருந்த விக்டோரியா மகாராணியின் படத்தையும் வெளியே அனுப்பினார். யோசித்துப் பாருங்கள். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி என்ன, போட்டுக்கொள்வோமே என்று எவருக்கும் தோன்றுகிற வயது. அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு அந்த அம்மையாரிடம் மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

"போன உயிர் திரும்புமா?" என்று எதிரணி கேட்டது. சரி, 56 ஆண்டுகள் திரும்புமா? ஒரு விடியலுக்குத் துணிவது பெரிதுதான். ஆனால் இவர் 1916-க்குப் பிறகு 20,000-க்கும் மேற்பட்ட விடியல்களைப் பார்த்தவர்.

1972-இல், 94 வயதில், மகன் குடும்பம் இருந்த இங்கிலாந்தின் லிவர்பூலில் காலமானார். அரசு மரியாதையோடு டப்ளினின் டீன்ஸ்கிரேஞ்ச் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். கணவரும் தம்பியும் கிடப்பது அதே டப்ளினில் வேறு இடம், ஆர்பர் ஹில்லில், சுண்ணாம்பு கொட்டி மூடிய பொதுக் குழி. பக்கத்தில்கூட இடம் கிடைக்கவில்லை அவருக்கு.

எதிரணித் தலைவர் அடுத்த மேடையில் அந்த ஏழு பெயரைச் சொல்லும்போது, எட்டாவதாகக் கேத்லீன் கிளார்க் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பு உங்களுடையது நடுவர் அவர்களே. வணக்கம்.